அடுக்களைக்கு வடக்கே ஒரு வழி

எங்கள் ஊரில் யாருக்கும் இடதும் கிடையாது, வலதும் கிடையாது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எந்தக் கல்யாணப் பந்தியில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாருங்கள். "பப்படத்தைக் கொஞ்சம் தெக்கே நீக்கி வை" என்பார்கள். முடிவெட்டுகிறவர் தலையைக் கிழக்கே திருப்பச் சொல்வார். என் வீட்டுக்காரர் பாதித் தூக்கத்தில் "வடக்கே தள்ளிப் படு" என்றுதான் சொல்வார். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவின் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். என் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ரோட்டில் மலையாளம் பேசுவார்கள், சண்டை வந்தால் இரண்டையும் சேர்த்துப் பேசுவார்கள். எந்த மொழியில் பேசினாலும் அவர்களுக்குத் தெற்கு எது என்பதில் சந்தேகம் வராது.

ஓர் ஓணத்துக்கு நடந்த கூத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்க வந்த பெண், முற்றத்தில் கிழக்கே பார்த்து நிற்க வைத்துப் பழக்கினாள். மேடையோ மேற்கே பார்த்து இருந்தது. பாட்டுத் தொடங்கியதும் மொத்தப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இடது கையைத் தூக்கினார்கள். பழகியபோது தூக்கியது தெற்குக் கை. மேடையிலும் தெற்குக் கைதானே தூக்க வேண்டும்? திருவனந்தபுரம் நகரத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரே ஒரு குழந்தை மட்டும் வலது கையைத் தூக்கியது. பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் எல்லாரும், பாவம், அந்தக் குழந்தைக்குத்தான் தப்பாகிப்போயிற்று என்று உச்சுக்கொட்டினார்கள்.

இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். திசையும் வரைபடமும் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது அன்றைய விஷயம். சொல்லிக்கொடுக்க வந்தவர், இந்த வயதுக் குழந்தைகளுக்கு வடக்கு தெற்கு எல்லாம் புரியாது, முதலில் இடது வலது, மற்றதெல்லாம் பிறகு என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு அது நேர் தலைகீழ் என்றேன். அவர் சிரித்தார். படிக்காமல் பேசுகிறவர்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. டீச்சர் இருங்க, நேரம் ஆகிறது என்றார். எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இருக்கச் சொன்னால் நிற்கத் தோன்றும். அவர் அடுத்த விஷயத்துக்குப் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன். திரும்பி வந்ததும் இடது வலது பாடத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

விளையாட்டு இவ்வளவுதான். என் பழைய நீலப் புடவை ஒன்றை முற்றத்தின் மேற்கு ஓரத்தில் விரிப்போம். அது கடல். சுண்ணாம்புப் பொடியால் ரோடு போடுவோம். தோடு என்று நாங்கள் சொல்லும் சின்ன ஓடைக்கு ஒரு குச்சியால் மணலில் கீறல். பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ் பெட்டி. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்து தன் வீடு இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் புளியங்கொட்டையால் அடுக்க வேண்டும். பிறகு ஒரு பிள்ளை தபால்காரன். கையில் ஒரு பலா இலை, அதுதான் கடிதம். யாருக்குக் கடிதம் என்று நான் காதில் சொல்வேன். மற்றவர்கள் "தெக்கே போ, போ, நில்லு, இனி மேக்கே" என்று கத்தி வழிகாட்டுவார்கள். வழியை விட்டுக் கால் வெளியே போனால் தபால்காரன் வேலை போய்விடும். அடுத்தவன் நிலத்தை மிதித்துவிட்டாய் என்று எட்டு வயதுக்காரர்கள் போடும் வழக்குக்கு எந்தக் கோர்ட்டும் ஈடு வராது.

அந்த வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பூவாறு பக்கம் கடற்கரையில் அவர்களுக்கு வீடு இருந்தது. கடல் அதை எடுத்துக்கொண்ட பிறகு உள்ளே வந்து, எங்கள் தோட்டுக்கு மேற்கே உள்ள வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். அப்பாவுக்குத் தூரத்தில், மங்கலாபுரம் பக்கம் போட்டில் வேலை. அம்மா விடியும் முன்பே கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து, செங்கல் என்கிற ஊர் வரைக்கும் நடந்து விற்பவள். இந்தப் பெண் வரைபடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கடலைப் பார்த்துத்தான் உட்காருவாள். முதலில் கடல், பிறகு பள்ளி, பிறகு தன் வீடு, அதற்குப் பிறகுதான் மற்ற உலகம். முதல் நாளே என் புடவையை இழுத்துக் கொஞ்சம் கிழக்கே கொண்டுவந்து போட்டாள். "கடலு அத்தற தூரத்துல இல்ல டீச்சர். அது கிட்டே வந்துக்கிட்டு இருக்கு" என்றாள். நான் புடவையை அப்படியே விட்டுவிட்டேன்.

தோட்டுக்கு மேற்கே இருந்து வரும் பிள்ளைகளின் புளியங்கொட்டை எல்லாம் ஓர் இடத்தில் ஒன்றுசேரும். அந்த இடம் எங்கள் குடும்ப நிலம். தோட்டுக் கரையிலிருந்து நிலத்துக்குள் நுழைந்து, கிணற்றுக்குத் தெற்கே கடந்து, பள்ளிக்கூட ரோட்டில் ஏறும் ஓர் எடவழி. தலையில் சுமையோடு ஒரு ஆள் போகலாம், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மீன்காரிகளும் பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போவார்கள். என் சிரட்டையையும் பிள்ளைகளே வைத்தார்கள், அதன் பக்கத்தில் ஓட்டுச் சில்லு ஒன்றையும் வைத்தார்கள். அது என்ன என்று கேட்டேன். டீச்சருக்க அடுக்களை என்றார்கள். போகும்போதும் வரும்போதும் என் சமையலைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த நிலம் பாகம் பிரிந்து பல வருஷம் ஆகிறது. தெற்குப் பாதி என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு. கிணறும் எடவழியும் அதில் வரும். வடக்கே மெலிந்த ஒரு துண்டும் பழைய வீடும் எங்களுக்கு. அண்ணன் கல்ஃபில் இருந்தார். இனிப் போகவில்லை என்று ஒரேயடியாகத் திரும்பி வந்து, பெரிய வீடு கட்டி, வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதிலும் கட்டினார். மதில் எடவழியின் இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டு போயிற்று. ரோட்டுப் பக்கம் ஓர் இரும்புக் கேட்டு, அதற்கு எப்போதும் பூட்டு.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கிருந்து ஓடி வந்து பக்கத்தில் நின்றவர் அவர்தான். கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது எவ்வளவோ சுலபம்.

மதில் எழும்பியது பள்ளி திறந்து கொஞ்ச நாளில், மழைக்காலத்தில். தோட்டுக்கு மேற்கே உள்ள பிள்ளைகள் சுற்றிக்கொண்டு பூவாறு ரோடு வழியாக வர வேண்டியதாயிற்று. அந்த ரோட்டில் ஒரு வளைவும் கலுங்கு என்று சொல்லும் ஒரு சின்னப் பாலமும் உண்டு. கலுங்குமேல் நடக்க ஓரம் கிடையாது. பாறை ஏற்றிய டிப்பர்கள் அதில்தான் பாயும். பள்ளி நேரத்தில் டிப்பர் ஓடக்கூடாது என்று விதி இருக்கிறது. விதி இருக்கிற இடத்தில் இருக்கிறது, டிப்பர் ஓடுகிற இடத்தில் ஓடுகிறது.

ஒருநாள் அந்தப் பெண் ஒற்றைச் செருப்போடு வந்தாள். முட்டியில் தோல் போயிருந்தது. டிப்பர் வந்து ஒதுக்கியதில் கலுங்கு ஓரத்துக் கானில், தண்ணீர் ஓடும் பள்ளத்தில், சாடிக் குதித்திருக்கிறாள். மற்றச் செருப்பை வெள்ளம் கொண்டுபோயிற்று. அழவில்லை. செருப்பு போனதற்கு அம்மா அடிப்பாளா என்று மட்டும் கேட்டாள். அன்று முழுக்க எனக்குப் பாடம் ஓடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் அம்மா வந்தாள். தலையிலிருந்த மீன் சருவத்தை வாசலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, நாற்றம் அடிக்கும் என்று வகுப்புக்குள் வராமல் வராந்தாவில் நின்றே பேசினாள்.

"டீச்சரே, வெளுப்பாங்காலம் நான் கடப்பொறத்துல நிப்பேன். கூட்டிட்டு வர எனக்கு ஆளில்ல. அக்காளுக்க வீட்டுல கொண்டு விடலாம்னு இருக்கேன். அங்க வீட்டுக்க அடுத்தே பள்ளிக்கூடம் உண்டு."

அக்காள் வீடு எல்லைக்கு அப்புறம், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில். பிள்ளை அங்கே போனால் அம்மாவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கும், அதுவும் ஒவ்வொரு ஞாயிறும் அல்ல. பெண்ணிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். சொன்னதிலிருந்து சோறு தின்னவில்லை என்றாள். ஓணப் பரீட்சை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நான் ஏதாவது செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதுவரை தினமும் காலையில் நானே போய் அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன், டிப்பர் வருகிற பக்கம் குடையை விரித்துப் பிடித்தபடி. பாறை லாரியைக் குடையால் தடுக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அந்த வாரம் ஒருநாள் மழை விட்டது. முற்றத்தில் வரைபடம் போட்டோம். யாரும் சொல்லாமலே ஒரு பையன் மர ஸ்கேலை எடுத்து எடவழிக்குக் குறுக்கே நட்டு வைத்தான். அன்றைய கடிதம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு. தபால்காரன் ஸ்கேலுக்கு முன்னால் வந்து நின்றான். கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மதில் யார் வீட்டு மதில் என்று ஊருக்கே தெரியும். ஸ்கேலைப் பிடுங்கிப் போடட்டுமா டீச்சர் என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். அங்கே மதில் இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். அப்படியானால் இருக்கட்டும் என்றேன்.

தபால்காரன் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். அவன் வளைவைத் தொட்டதும், ஓரத்தில் நின்ற ஒரு பயல் இரண்டு கையையும் விரித்து உறுமிக்கொண்டு எதிரே ஓடி வந்தான். டிப்பர். தபால்காரன் கானுக்குள் சாடினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்ப ஆடலாம் என்றார்கள். எல்லாருக்கும் டிப்பர் ஆக வேண்டும், தபால்காரன் ஆக ஆள் இல்லை. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தன் சிரட்டையை மணலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு அது வெறும் ஆட்டம். நாள்தோறும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதை அவர்கள் விளையாட்டாகப் பழகிக்கொண்டுவிட்டார்கள், பழக்கிவிட்டது என் வீடு. விளையாட்டை நிறுத்திவிட்டு எல்லாரையும் உள்ளே அனுப்பினேன்.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார், வந்து மொபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி சாயா கொடுத்தாள். ஓர் ஆள் நுழைகிற அளவு இரண்டு முனையிலும் திறந்து விடுங்கள், பள்ளி நேரம் மட்டும் போதும், மற்ற நேரம் பூட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பத்திரத்தில் எங்கே வழி என்று எழுதியிருக்கிறது என்றார். இல்லைதான். கால் வைத்துத்தான் வழி உண்டானது, பேனா வைத்து இல்லை என்றேன்.

"இத்தற காலம் பிறத்தியாருக்க கெட்டிடத்துக்கு ராப்பகலா காவல் இருந்தேன்" என்றார் அண்ணன். "எனக்குன்னு ஒரு மதிலு வேண்டாமா? எனக்க முற்றத்துல ஆரு வரணும், ஆரு வரப்படாதுன்னு நான் சொல்லப்படாதா?"

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. பிள்ளைகள் டிப்பருக்கு முன்னால் சாடுவதில் என்ன நியாயம் என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பஞ்சாயத்தைக் கேட்க வேண்டும் என்றார். பஞ்சாயத்தைக் கேட்டிருந்தேன். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓணப் பரீட்சைக்கு முன்னால் பள்ளியில் பெற்றோர் தினம் வந்தது. முற்றத்தில் போட்ட வரைபடத்தைப் பிள்ளைகள் பெரிய சார்ட்டுகளை ஒட்டி அதில் வரைந்து வண்ணம் தீட்டியிருந்தார்கள். தோடு, ரோடு, பள்ளி, கோயில், ஒவ்வொருவர் வீடு, ஓட்டுச் சில்லின் நிறத்தில் என் அடுக்களை. எடவழி வந்த இடத்தைச் சுற்றிக் கன்னங்கரேல் என்று ஒரு கோடு, அதுதான் மதில். வராந்தாவில் நீளத்துக்கு ஒட்டி வைத்தோம். பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, அதைப் பார்த்துவிட்டு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விஷயம் என்னவென்றால், வகுப்புகளுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரரின் அண்ணன். அன்றைய விருந்தாளியும் அவர்தான். குடும்பத்துச் சண்டை பள்ளிக்கூடத்துக்குள் வேண்டாம் டீச்சர், அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள், நாளைக்குத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்றார். நல்ல மனுஷி. சத்தம் போடத் தெரியாதவர்.

அதில் ஒரு பிழை இருந்தால் காட்டுங்கள், இப்போதே திருத்துகிறேன் என்றேன். அவர் என்னோடு வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. "எனக்கு வயசாச்சு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வந்த பெற்றோர் எல்லாரும் செய்தது ஒன்றுதான். கிட்டே வந்து, விரலை ஓட்டி, தங்கள் வீட்டைத் தேடினார்கள். கண்டுபிடித்ததும் ஒரு சிரிப்பு. அண்ணனும் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்து அதையேதான் செய்தார். தோட்டிலிருந்து கிழக்கே விரலை ஓட்டினார். என் வீடு வந்தது. அதற்குத் தெற்கே கறுப்புக் கோடு, கோட்டுக்குள்ளே வெறும் வெள்ளை. திரும்பத் தேடினார். படத்தை விளக்குவதற்காக அந்த நேரம் பக்கத்தில் நின்றது அந்தக் கடற்கரைப் பெண்.

"எனக்க வீடு எங்க மக்கா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இங்கே இத்தனை பெரிய வீடு வேறு இல்லை.

"அது இல்ல சார்" என்றாள். "தபால்காரன் கேட்டு வரைக்கும் போயிட்டு திரும்பி வந்துட்டான். வழி உள்ள வீடு மட்டுமாக்கும் படத்துல போட்டது."

துடுக்காகச் சொல்லவில்லை. இத்தனை மணிக்கு பஸ் என்று சொல்வதுபோலச் சொன்னாள். சுற்றி நின்றவர்களில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்தார். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார். சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கோட்டுக்குள்ளே வீடு இல்லாததை நானே அப்போதுதான் கவனித்தேன். எனக்கும் திக்கென்றிருந்தது. ஆனாலும் சொல்கிறேன், உள்ளுக்குள்ளே எனக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

கதையாக இருந்தால் மறுநாள் மதில் இடிந்திருக்கும். அண்ணன் மதிலுக்குமேல் கண்ணாடிச் சில்லு பதித்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் இருந்த உயரம் குறைந்த பழைய மதிலிலும் சேர்த்துத்தான். அண்ணி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓணத்துக்கு அந்த வீட்டிலிருந்து வரும் பாயசம் அந்த வருஷம் வராது என்று அப்போதே தெரிந்துபோயிற்று. பரீட்சை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் துணிகளை அவள் அம்மா துவைத்து மடக்கி வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதைக் கேட்ட அன்று சாயங்காலம் நான் என் வீட்டுப் பின்புறத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். இத்தனை நாளும் அடுத்தவர் நிலத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். என் நிலம் என் காலுக்குக் கீழே கிடந்தது. மேற்கே தோட்டுக்கரையில் எங்கள் மதில். அதில் ஓர் இடத்தை உடைத்தால், அடுக்களைக்கு வடக்கே நேராக ரோட்டுக்கு வந்துவிடலாம். நடுவில் இருப்பது துணி துவைக்கிற கல், ஒரு வாழை, கொடி கட்டிய இரண்டு கம்பு, குளியலறையான குளிமுறி. குளிமுறியை மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் பிடுங்கி எறியலாம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தடைகளை ஒன்றொன்றாக எடுத்து வைத்தார். துண்டு நிலம், அதில் வழியும் போனால் பிறகு என்ன மிஞ்சும்? நாளைக்கு மகளுக்குக் கொடுக்க இருப்பது இது ஒன்றுதான். விற்கப் போனால் யார் வாங்குவார்கள்? எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணனுக்கு எதிராக நான் எப்படி? நான் அவரிடம் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு என் சத்தத்தைவிட என் சத்தமில்லாமைதான் பயம்.

"அண்ணனுக்க மதில ஆரு தொட்டா?" என்றேன். "நம்ம மதிலயாக்கும் இடிக்கப்போறது."

பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகளுக்கு ஃபோன் செய்தேன். உன் பங்கில் ஒரு வழி போகப்போகிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் லீவில் வரும்போது குளிமுறிக்குக் கதவு இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அப்போ சரி என்றாள்.

சனிக்கிழமை காலையில் நான் எழுந்து பார்த்தபோது என் வீட்டுக்காரர் மதிலடியில் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். முதல் இடி இடிக்கும்முன் தெற்கே திரும்பி அண்ணன் வீட்டைப் பார்த்தார். அங்கே மாடி ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது. இவர் இடித்தார். பழைய சுண்ணாம்புக் கட்டு, நான் நினைத்ததைவிடச் சுலபமாக விழுந்தது. வாழையை வெட்டினேன். துவைகல்லை இருவருமாகப் புரட்டினோம். மீன் விற்றுத் திரும்பி வந்த அந்தப் பெண்ணின் அம்மா தோட்டின் அக்கரையில் நின்று பார்த்தாள். தோட்டைத் தாண்டி வந்து, சருவத்தை இறக்கி வைத்து, உடைந்த கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போடத் தொடங்கினாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. போகும்போது திரும்பி நின்று கேட்டாள்.

"அப்ப திங்கக்கிழம இதுவழி விடட்டா டீச்சரே?"

"விடுங்க. நான் அடுக்களையில நிப்பேன்" என்றேன்.

அன்று முதல் என் வீட்டு ரகசியம் எல்லாம் சந்தி சிரிக்கிறது. காலையில் ஜன்னலுக்கு வெளியே தலைகள் வரிசையாகப் போகும். டீச்சர் வீட்டில் இன்றைக்கும் புட்டு என்று ஒருத்தி அறிவிப்பாள். டீச்சர் இன்னும் தலை வாரிக் கெட்டவில்லை, நாம் போய்ப் பெல்லை அடித்துவிடலாம் என்று ஒருவன் சொல்வான். பால்காரரும் மீன்காரிகளும்கூட இப்போது இந்த வழிதான். மழையில் சேறு என் அடுக்களை வாசல்வரை வரும். கொடியில் காயப்போட்ட உள்பாவாடையை இழுத்து மறைத்து மறைத்து எனக்குப் பாதி ஆயுசு போயிற்று. இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். தனியாக நின்று ஒரு வாய் சாயா குடிக்க எனக்கு இப்போது இடமில்லை. ஆனால் அந்தப் பெண் என் வகுப்பில்தான் இருந்தாள், மூன்றாவது முடித்து நான்காவதுக்குப் போனாள், இரவில் தன் அம்மாவோடுதான் தூங்குகிறாள்.

அண்ணன் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. ஒருநாள் மாலை நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, இடைமதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கண்ணாடிச் சில்லுக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. என் வழியில் அப்போது இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் தோட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார். கோபமாக இல்லை, உண்மையான கவலையோடுதான்.

"உனக்கு வெவரம் இல்ல. இப்பிடி வருஷக்கணக்கா ஆளு நடந்தா அது வழியாயிப் போவும். பிறகு நீ நெனச்சாலும் அடைக்க ஒக்காது. உனக்க மவ நெனச்சாலும் ஒக்காது. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணே" என்றேன். "அதுக்கு வேண்டியாக்கும் தொறந்தது."